கலிஃபோர்னியா மலையடிவாரத்தில் குதிரைகளோடு கூடாரம்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாலைச் சந்திப்பில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"அமெரிக்கா போய்விட்டு வந்தீர்களே, ஏதாவது பேசுங்கள் சார்" என்று செக்ரட்டரி கேட்டபோது, நயாகரா பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பார். அதை ஏற்கெனவே 3 பேர் படத்தோடு பேசிவிட்டார்கள். நான் குதிரை பற்றிப் பேசுகிறேன். நம் பிளாக்குகளில் பாதிக் குடும்பங்களுக்குப் பிள்ளையோ பெண்ணோ கலிஃபோர்னியாவில் இருக்கிறார்கள். கோடையில் நீங்கள் போனால் "வாங்க அப்பா, கேம்பிங் போகலாம்" என்று கூப்பிடத்தான் போகிறார்கள். எனவே இது உங்களுக்கும் உதவும்.

என் மகள் இருப்பது சாக்ரமென்டோ பக்கம். அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பள்ளி ஆசிரியை. அந்த அம்மாவுக்கு இரண்டு குதிரைகள். ஒன்று 14 வயதுப் பெண்குதிரை, இன்னொன்று காயடித்த ஆண்குதிரை. என் பேத்தி அந்த லாயத்தில் சனி, ஞாயிறு சாணி அள்ளி, தண்ணீர்த் தொட்டி கழுவி, அதற்குப் பதிலாகச் சவாரி கற்றுக்கொள்கிறாள். 11 வயது. இங்கே நாம் பிள்ளைகளைச் சாணி அள்ள விடுவோமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். மே மாதக் கடைசியில் அவர்கள் 3 இரவு கூடாரம் போடக் கிளம்பினார்கள். "தாத்தா குதிரை டாக்டர்தானே, அவரையும் கூட்டிக்கொண்டு போவோம்" என்று பேத்தி சொல்லிவிட்டாள். 32 வருடம் அரசு கால்நடை மருத்துவமனையில் நான் பார்த்ததில் முக்கால்வாசி மாடும் ஆடும்தான். குதிரை என்றால் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தைக்கு டியூட்டி போடும்போது பார்த்ததுதான் அதிகம். இதை அங்கே நான் யாரிடமும் விளக்கவில்லை.

போன இடம் ஓரோவில் ஏரி. சாக்ரமென்டோவுக்கு வடக்கே ஒன்றரை மணி நேரப் பயணம். சியெரா நெவாடா மலைத்தொடர் சமவெளியில் வந்து முடியும் அடிவாரம். ஃபெதர் நதியின் குறுக்கே 770 அடி உயரத்துக்கு மண் அணை கட்டித் தேக்கிய நீர்த்தேக்கம் அது. அமெரிக்காவிலேயே உயரமான அணை, 1968இல் முடிந்தது. 2017 பிப்ரவரியில் இதன் உபரிநீர்க் கால்வாய் உடைந்து, கீழே இருந்த ஊர்களிலிருந்து 1,80,000க்கும் மேற்பட்டவர்களை வெளியேறச் சொன்னார்களே, தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள், அதே அணைதான். அதன் தென்கரையில் லோஃபர் கிரீக் என்கிற மாநிலப் பூங்கா. அதற்குள் குதிரை கொண்டு வருகிறவர்களுக்கென்றே தனியாக ஒரு முகாம் இருக்கிறது. 15 இடங்கள். குதிரையைக் கட்டவும் தீனி வைக்கவும் வசதி, குளிப்பாட்ட ஒரு மேடை, மனிதர்களுக்குக் குளியலறை. முகாமிலிருந்தே குதிரைப் பாதை ஆரம்பமாகிறது.

அடிவாரம் என்றதும் நம் குற்றாலம், ஆழியாறு மாதிரி பச்சையாகக் கற்பனை செய்யாதீர்கள். அங்கே மழை நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான். மே முடிவதற்குள் மலையெல்லாம் புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் நிற்கும். நடுநடுவே நீல ஓக், சாம்பல் பைன், சிவப்புப் பட்டை கொண்ட மான்சனிட்டாப் புதர். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை அநேகமாகக் கிடையாது. வெயில் 40 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். அதனால் விஷயம் தெரிந்த குதிரைக்காரர்கள் பிப்ரவரியிலிருந்து மே நடுப்பகுதி வரையும், பிறகு அக்டோபரிலும்தான் அங்கே போவார்கள். இவர்களுக்குப் பள்ளி விடுமுறையை ஒட்டித்தான் இடம் கிடைத்தது. மாநிலப் பூங்காக்களில் 6 மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடும், நல்ல வாரங்கள் உடனே போய்விடும்.

குதிரையோடு போவதற்கான சாமான் பட்டியலைப் பார்த்தால் கல்யாண வீட்டுச் சீர் மாதிரி இருக்கும். உலர்புல் கட்டுகள், வாளிகள், சாணி அள்ளும் முள்கரண்டி, மரத்தைச் சுற்றிக் கட்டும் அகலமான பட்டை. கயிற்றை நேரடியாக மரத்தில் கட்டினால் பட்டை உரிந்து மரம் செத்துவிடும் என்று அங்கே அனுமதிக்க மாட்டார்கள். கட்டுவதற்கென்று வசதி இல்லாத இடங்களில், இரண்டு மரங்களுக்கு இடையே தலைக்கு மேல் உயரத்தில் ஒரு கயிறு இழுத்து, அதில் குதிரையைக் கட்டுவார்கள். தாழ்வாகக் கட்டினால் இரவில் காலைச் சிக்கவைத்துக்கொள்ளும்.

இன்னொரு சாமானைப் பார்த்து எனக்கே மலைப்பாக இருந்தது. முதலுதவிப் பெட்டியில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிய ரப்பர் ஹோஸ் துண்டுகள் இரண்டு. குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும், நம்மைப்போல வாயால் விடாது. அந்தப் பக்கம் வாலைக் கிலுகிலுவென்று ஆட்டும் குழிவிரியன் பாம்பு உண்டு. என்னமோ என்று குதிரை முகர்ந்து பார்க்கப் போய் மூக்கிலேயே கடி வாங்கும். மூக்கு வீங்கி அடைத்தால் விஷம் வேலை செய்வதற்கு முன்பே மூச்சு முட்டிச் செத்துப்போகும். வீக்கம் முற்றுவதற்குள் ஹோஸை மூக்குத் துளையில் செருகிப் பிளாஸ்டர் போட்டுவிட்டால் ஆஸ்பத்திரி போகும்வரை தாங்கும்.

செடிகளிலும் கண் வேண்டும். மஞ்சள் ஸ்டார் திஸில் என்று ஒரு முட்செடி, நம் ஊர்ப் பிரம்மதண்டை நினைவுபடுத்தும். ஐரோப்பாப் பக்கத்திலிருந்து வந்து அந்த மலையடிவாரம் முழுக்கப் பரவிவிட்டது. மாடு, ஆடு மேய்ந்தால் ஒன்றும் ஆகாது. குதிரை மட்டும் வாரக்கணக்கில் தின்றால் மூளையில் ஒரு பகுதி அழுகி, வாயும் உதடும் இறுகி, எதிரில் தீனி இருந்தும் மெல்ல முடியாமல் பட்டினியில் சாகும். மருந்தே இல்லை. அப்புறம் நம் செவ்வரளி. ஆமாம், நம் கேட்டுக்கு வெளியே வரிசையாக வைத்திருக்கிறோமே, அதே அரளிதான். கலிஃபோர்னியா நெடுஞ்சாலை நடுவிலெல்லாம் அதை நட்டிருக்கிறார்கள். சில பத்து இலைகள் ஒரு குதிரையின் இதயத்தை நிறுத்தப் போதும். காய்ந்த இலையாக இருந்தாலும் அப்படித்தான். வழியில் வண்டியை நிறுத்தி இளைப்பாறும்போது அந்த ஆசிரியை அரளி இருக்கும் பக்கம் குதிரையை இறக்கவே மாட்டார்.

சரி, வெயிலுக்கு வருகிறேன்.

குதிரைக்காரர்களிடம் ஒரு வாய்க்கணக்கு உண்டு. வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, அதோடு காற்றின் ஈரப்பத சதவீதத்தைக் கூட்டு. 130க்குக் கீழே என்றால் கவலையில்லை. 150ஐத் தாண்டினால் ஜாக்கிரதை. 180ஐத் தொட்டால் சவாரியே வேண்டாம். சென்னையில் 35 டிகிரி செல்சியஸ், அதாவது 95 ஃபாரன்ஹீட். ஈரப்பதம் 70 என்றால் கூட்டுத்தொகை 165. ஓரோவிலில் அன்று 104 ஃபாரன்ஹீட், ஈரப்பதம் 15. கூட்டினால் 119. கணக்குப்படி சென்னைதான் ஆபத்து, அங்கே ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கு தப்பில்லை, ஆனால் பாதிதான் சொல்கிறது. வியர்வை காய்ந்து உடம்பு குளிருமா என்பதை அது சொல்லும். உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதைச் சொல்லாது. வறண்ட காற்றில் வியர்வை வந்ததும் காய்ந்துவிடும், குதிரை நனையாமலே நிற்கும். தொட்டுப் பார்த்தால் உப்புப் படிந்து சொரசொரவென்றிருக்கும். கடும் வெயிலில் கடுமையாக உழைக்கும் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கு மேல்கூட வியர்த்துவிடும்.

அதைவிட முக்கியமான ஒன்று. நமக்கு வியர்த்தால் தண்ணீர் அதிகமாகவும் உப்பு குறைவாகவும் போகும். ரத்தம் உப்பாகிறது, மூளை "தாகம்" என்கிறது, நாம் சொம்பைத் தேடுகிறோம். குதிரையின் வியர்வையில் உப்பு மிக அதிகம், ரத்தத்தில் இருப்பதற்குக் குறையாமல் போகும். தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போவதால் ரத்தத்தின் உப்பளவு பெரிதாக மாறாது. ஆகவே மூளைக்குச் செய்தி போவதில்லை. உடம்பு வற்றிக்கொண்டிருக்கும், குதிரைக்குத் தாகமே தெரியாது. வாளியைக் காட்டினால் மூக்கைத் திருப்பிக்கொள்ளும். "தாகம் எடுத்தால் தானே குடிக்கும்" என்பது மாட்டுக்குச் சரி, குதிரைக்குச் சரியில்லை.

இதோடு அதற்குப் பழகாத தண்ணீர் பிடிக்காது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை மாறினாலே போதும். வெயில் காலத்தில் ஏரித் தண்ணீரை நம்பவும் முடியாது. சில நீர்த்தேக்கங்களில் நீலப்பச்சைப் பாசி பூத்து நஞ்சாகிவிடும், கரையில் எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள். நாயும் குதிரையும் பலகை படிப்பதில்லை. மேலும் கோடை முதிர முதிரத் தண்ணீரைப் பாசனத்துக்குத் திறந்துவிடுவதால் ஏரி இறங்கிக்கொண்டே போகும். 2021 ஆகஸ்டில் எவ்வளவு இறங்கியது என்றால், அணையின் நீர்மின் நிலையத்தையே வரலாற்றில் முதல் தடவையாக நிறுத்த வேண்டியதாயிற்று. அப்படி இறங்கிய கரையில் மேலே காய்ந்து அடியில் சேறாக இருக்கும் இடங்களில் 500 கிலோ குதிரை கால் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போனது வெள்ளிக்கிழமை. வீட்டிலிருந்து கொண்டுபோன 40 லிட்டர் தண்ணீரைக் குதிரைகள் அன்று இரவே குடித்துத் தீர்த்தன. சனிக்கிழமை விடியற்காலை 6 மணிக்கே சவாரி கிளம்பினார்கள். 9 மணிக்குத் திரும்பி, சேணம் இறக்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவி நிழலில் கட்டினார்கள். எல்லாம் முறையாகத்தான் நடந்தது. மணி 12 ஆனபோது பேத்திதான் வந்து சொன்னாள், "தாத்தா, இவள் வாளி அப்படியே இருக்கு. காலையிலேர்ந்து குறையவே இல்லை."

போய்ப் பார்த்தேன். பெண்குதிரை தலையைத் தொங்கப்போட்டு நின்றது. புல்லையும் தொடவில்லை. நாடியை எண்ணினேன். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். மூன்று மணி நேர ஓய்வுக்குப் பிறகும் 56. ஈறு பிசுபிசுத்தது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியவில்லை. விலாவில் காதை வைத்துக் கேட்டேன். ஆரோக்கியமான குதிரையின் வயிறு எப்போதும் கடமுடவென்று ஏதாவது பேசிக்கொண்டே இருக்கும். இடப்பக்கம் அரிதாக ஒரு சத்தம், வலப்பக்கம் ஒன்றுமில்லை.

குதிரைக்காரர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் வார்த்தை காலிக். வயிற்று வலி என்று சாதாரணமாக மொழிபெயர்த்துவிடலாம். ஆனால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடலில் தீனி தண்ணீர் இல்லாமல் இறுகினால் அது போக வழியில்லை. ராத்திரி இறுகியது விடிவதற்குள் உயிரைக் கொண்டுபோய்விடலாம். இந்தியாவாக இருந்தால் என் பையைத் திறந்திருப்பேன். அங்கே எனக்கு உரிமம் கிடையாது, ஓர் ஊசிகூடப் போடக் கூடாது. 32 வருட அனுபவத்தோடு கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்பது, ரிட்டயரான டாக்டர்கள் யாராவது இங்கே இருந்தால் அவர்களுக்குப் புரியும். ஆனால் எண்ணிச் சொல்லலாமே! நாடி, மூச்சு, ஈறு, வயிற்றுச் சத்தம், கடைசியாகச் சாணி போட்ட நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை தன் கால்நடை மருத்துவருக்கு போன் போட்டு அதை அப்படியே வாசித்தார். மறுமுனையில் இருந்தவர், "யார் எண்ணியது?" என்று கேட்டாராம்.

அவர் சொன்னபடி செய்தோம். முதலில் குளிர்ந்த நீரை உடம்பு முழுக்க விடாமல் ஊற்றுவது. சூடான குதிரைமேல் குளிர்ந்த நீர் ஊற்றினால் தசை இழுத்துக்கொள்ளும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், நானும் படிக்கிற காலத்தில் கேட்டதுதான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன்னால் குதிரைகளை வெயிலில் எப்படிக் காப்பது என்று ஆராய்ந்தார்கள். அந்தப் பயம் தேவையில்லை என்று அப்போது தெளிவாகிவிட்டது. ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் முக்கியம். உலர்புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, சொட்டச் சொட்டக் கொடுத்தோம். நிழலில் பத்து நிமிடம் நடை, பிறகு ஓய்வு. உப்புக் கலவையைத் தண்ணீர் குடிக்காத குதிரைக்குக் கொடுக்கக் கூடாது, குடலில் இருக்கிற கொஞ்ச நீரையும் அது இழுத்துவிடும் என்பதால் அதைத் தள்ளிவைத்தார்.

பேத்திக்கு ஒரு யோசனை. தன் ஆப்பிள் ஜூஸ் டப்பாவை வாளித் தண்ணீரில் ஊற்றினாள். இது புதிய கண்டுபிடிப்பு இல்லை, குதிரைக்காரர்கள் செய்வதுதான், தண்ணீரின் அந்நிய வாசனையை மறைக்கும். பெண்குதிரை மூக்கை நனைத்தது, விலகியது. மூன்று மணிக்கு மறுபடி. நான்கு மணிக்கு மறுபடி. ஐந்தரைக்கு வாயை முழுதாக உள்ளே விட்டு உறிஞ்ச ஆரம்பித்தது. குதிரை தண்ணீர் குடிக்கும்போது தொண்டையில் ஒவ்வொரு மடக்கும் இறங்குவது வெளியே தெரியும். நாங்கள் நால்வரும் வாயால் எண்ணிக்கொண்டு நின்றோம். அரை வாளி. ஏழு மணிக்குச் சாணி போட்டது. அமெரிக்கா போய் ஒரு குதிரை சாணி போட்டதற்குக் கைதட்டினேன் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது உண்மைதான்.

நாடி 44க்கு வந்துவிட்டது. ஆனால் அந்த அம்மா மறுநாள் இருக்கச் சம்மதிக்கவில்லை. ஞாயிறு இன்னும் இரண்டு டிகிரி கூடும் என்று வானிலை சொன்னது. பேத்தி அழுதாள். ஆறு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்த பிள்ளை. "குடிச்சுடுச்சே ஆன்ட்டி, சரியாயிடுச்சே" என்றாள். அவர் அவளை அதட்டவில்லை. நான் எழுதிய தாளை எடுத்து அவள் கையில் கொடுத்து, 12 மணிக்கு எழுதிய எண்ணையும் 7 மணிக்கு எழுதிய எண்ணையும் வாசிக்கச் சொன்னார். "நாளைக்கு மத்தியானம் இந்த முதல் எண் மறுபடி வந்தால், அடுத்ததும் வரும் என்று உன்னால் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் வாளிகளைக் கழுவ ஆரம்பித்தாள்.

பகலில் வண்டியேற்றியிருந்தால் அந்தத் தகர ட்ரெய்லரே அடுப்பாகியிருக்கும். அதனால் இருட்டும்வரை பொறுத்தோம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அங்கே சத்தம் போடக் கூடாது. ஜெனரேட்டர் காலை 10 முதல் இரவு 8 வரைதான். யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை, எட்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஒவ்வொன்றாக அடங்கிவிட்டன. நம் மொட்டை மாடிப் பிறந்தநாள் கொண்டாட்டங்களை நான் இங்கே குறிப்பிடவில்லை. ஒன்பதரைக்குள் ஏற்றி முடித்தோம்.

அதற்கு முன் சாணி. ஒரு குதிரை ஒரு நாளைக்கு 20 கிலோவுக்கு மேல் போடும். இரண்டு குதிரை, இரண்டு நாள், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அத்தனையையும் அள்ளி, சிந்திய வைக்கோலையும் கூட்டி, அதற்கான தொட்டியில் கொட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் பேத்தியும் நானும் அள்ளினோம்.

இன்னொன்றையும் கவனித்தேன். முகாமில் எல்லா வண்டிகளும் வாசலைப் பார்த்தே நிறுத்தியிருந்தன, ட்ரெய்லர் மாட்டியபடியே. காரணம் தீ. 2018 நவம்பரில் அதே மாவட்டத்தில் பாரடைஸ் என்கிற ஊர் காட்டுத்தீயில் அழிந்தது, 85 பேர் இறந்தார்கள். 2024 ஜூலை 2இல் ஓரோவில் ஏரிக்குப் பக்கத்திலேயே தீப்பிடித்து ஆயிரக்கணக்கானவர்களை வெளியேற்றினார்கள். புகை தெரிந்த பிறகு குதிரையை வண்டியில் ஏறச் சொன்னால் ஏறாது. ஏறிப் பழகிய குதிரையாக இருக்க வேண்டும், வண்டியும் திரும்பி நிற்க வேண்டும். ஆசிரியை மாதத்துக்கு இரண்டு முறை, எங்கும் போகாமலே, குதிரைகளை ட்ரெய்லரில் ஏற்றி இறக்கிப் பழக்குகிறார்.

இப்போது பெண்குதிரை நலம். அக்டோபருக்கு மறுபடி இடம் பிடித்துவிட்டார்கள். கூடாரத்துக்குப் பத்து நாள் முன்பிருந்தே வீட்டுத் தண்ணீரில் கொஞ்சம் ஆப்பிள் ஜூஸ் கலந்து பழக்குவதாகப் பேத்தி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறாள்.

கூட்டம் முடிந்ததும் ஏ பிளாக் மாமி, கடற்கரைக் குதிரைகளைப் பற்றிக் கேட்டார். அவற்றில் பேரனை ஏற்றலாமா என்று. ஏற்றுவதற்கு முன் அதன் கழுத்துத் தோலைக் கிள்ளிப் பாருங்கள் என்றேன். இரண்டு விநாடிக்குள் படிய வேண்டும். படியவில்லை என்றால், சவாரிக்குக் கொடுக்க வைத்திருந்த காசில் அந்தப் பையனிடம் ஒரு வாளித் தண்ணீர் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். குடிக்கிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போகலாம் என்று நானும் சி பிளாக் நண்பரும் ஒரு வேன் பேசியிருக்கிறோம். பர்கூர் மலையடிவாரம்தான் அதுவும். நான்கு இடம் காலியாக இருக்கிறது. வருகிறவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் அவரவர் கொண்டுவர வேண்டும்.